உளி பிடித்த கை, மரம் காக்கும் கை

(சித்தியவான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மனிதருக்கு நோய் கண்டால் மருத்துவரிடம் செல்கிறோம். கறவை மாட்டுக்கு நோய் கண்டால் கால்நடை மருத்துவரை அழைக்கிறோம். மரத்துக்கு நோய் கண்டால் யாரை அழைப்பது? இக்கேள்வியைக் கேட்டவுடன் பலர் சிரிக்கக் கூடும். மரத்துக்கும் மருத்துவரா என்று வியக்கவும் கூடும். ஆனால், மர மருத்துவம் என்பது இன்று உலகின் பல நாடுகளில் பயிற்சியும் தேர்வும் உடைய ஒரு தொழிலாக விளங்குகிறது. நமது நாட்டு நகரங்களிலும் அத்தொழிலை மேற்கொண்டோர் உள்ளனர். கயிற்றில் தொங்கியவாறு உயர்ந்த மரங்களின் காய்ந்த கிளைகளை அறுத்து இறக்குவோரைச் சாலையோரங்களில் நீங்கள் கண்டிருப்பீர்கள்.

அத்தொழிலைப் பற்றியும், அதன் கருவிகளைப் பற்றியும், அன்றாடப் பணியைப் பற்றியும் சில செய்திகளைக் கூறவே இன்று உங்கள் முன் நிற்கிறோம். இச்செய்திகளைத் தோட்ட மக்களிடம் கூறுவதற்குத் தக்க காரணம் உண்டு. உயிருள்ள மரத்தின் மீது கூரிய கருவியை வைத்து, எவ்வளவு ஆழம் வெட்டலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று நாள்தோறும் முடிவு செய்கின்றவர்கள் நீங்கள். மர மருத்துவத்தின் முதற்பாடம் அதுவே. அந்தப் பாடத்தை உங்கள் கைகள் முன்பே கற்றுவிட்டன.

கோடரியும் உளியும்

ரப்பர் மரம் நம் நாட்டு மரமன்று. அதன் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனை அடுத்த கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் முளைத்தவை 3,000-க்கும் குறைவே. மறு ஆண்டு, அதாவது 1877-இல், 22 கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவற்றுள் 9 கன்றுகள் நமது பேராக் மாநிலத்தின் கோலகங்சாருக்கு அனுப்பப்பட்டு, அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவர்களின் தோட்டத்தில் நடப்பட்டன. அந்தக் கன்றுகளுள் ஒன்று எனக் கருதப்படும் முதிய மரம் கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலிக்குள் பாதுகாப்பாக நிற்கிறது. ஈப்போ வழியாகச் செல்வோர் ஒருமுறை இறங்கி அதனைக் கண்டு வருதல் நலம்.

மரம் வந்து சேர்ந்தது. ஆனால் பால் எடுக்கும் முறை இன்னும் சீர்படவில்லை. அமேசான் காட்டில் பால் சேகரித்தோர் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தனர். கோடரி பட்டையோடு நிற்பதில்லை. உள்ளே மரக்கட்டை வரை பாய்ந்துவிடும். கொத்திய இடமெல்லாம் முண்டும் முடிச்சுமாகிவிடும். அப்படிப்பட்ட மரத்தில் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காகப் பால் எடுக்க இயலாது.

1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி என்பவர் இதற்கு வழி கண்டார். மரத்தைக் கொத்தாமல், பட்டையில் சாய்வாக ஒரு கோடு வெட்டி, அடுத்த முறை அதே கோட்டின் கீழ் ஓரத்தில் மெல்லியதாக ஒரு சீவல் மட்டும் எடுத்தால் போதும் என்று அவர் செய்து காட்டினார். மீண்டும் மீண்டும் சீவும்போது பால் குறையாமல் கூடுதலாக வருவதையும் அவர் கண்டறிந்தார். 1890-களில் உருவான அந்த முறையே இன்று வரை நம் தோட்டங்களில் வழங்கும் பால்வெட்டு முறைக்கு அடிப்படையாகும். ரப்பர் நடுமாறு தோட்டக்காரர்களை ஓயாமல் வற்புறுத்திய காரணத்தால் அவரைப் பித்தர் என்று கேலி செய்தவர்களும் இருந்தனர். அவரோ 1956 வரை, நூறாண்டு கடந்து வாழ்ந்து, தாம் வற்புறுத்திய பயிர் ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே தாங்கி நின்றதைக் கண்டு மறைந்தார்.

சித்தியவானின் வரலாறும் இதனோடு பிணைந்ததே. 1903-ஆம் ஆண்டில் மெத்தடிஸ்ட் திருச்சபையின் ஏற்பாட்டில் சீனாவின் பூச்சௌப் பகுதியிலிருந்து வந்த குடியேறிகள் இங்கே காடு திருத்தினர். அடுத்து வந்த ஆண்டுகளில் ரப்பர் இவ்வட்டாரத்தின் முதன்மைப் பயிராயிற்று. சுற்றியிருந்த தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் உளி பிடித்தனர். இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. சில வீட்டு மனைகளாகிவிட்டன. எனினும், உளி பிடித்த கைகள் இன்னும் நம்மிடையே உள்ளன. அக்கைகளுக்குள் இருக்கும் அறிவு அவற்றோடு மறைந்துவிடக் கூடாது என்பதே நமது கவலை.

ஒரு மில்லிமீட்டரில் அடங்கிய உயிர்

பால்வெட்டில் நீங்கள் செய்வது என்ன என்பதைச் சற்று நுணுகிப் பார்ப்போம்.

ரப்பர் மரத்தின் பட்டை ஒரே அடுக்கன்று. வெளியே கரடுமுரடான தக்கைப் பட்டை உண்டு. அதற்குள்ளே கடினப் பட்டை, அதற்கும் உள்ளே மென்மையான பால்பட்டை அமைந்துள்ளன. பால் ஓடும் நுண்குழல்கள் மிகுதியாக இருப்பது உள்ளே இருக்கும் அந்த மென்பட்டையில்தான். அதற்கும் அடியில், கண்ணுக்குப் புலப்படாத அளவு மெல்லியதாக ஓர் உயிர்ப் படலம் உண்டு. மரத்தைப் பருக்கச் செய்வதும், புதுப்பட்டையை உண்டாக்குவதும் அப்படலமே.

ஆகவே தொழிலாளிக்கு இரண்டு கடமைகள் எதிர் எதிராக நிற்கின்றன. ஆழமாக வெட்டாவிட்டால் பால் குறையும். அளவுக்கு மீறி ஆழமாக வெட்டினால் உயிர்ப் படலம் அறுபடும். மரக்கட்டையிலிருந்து ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டு நிறுத்த வேண்டும் என்பது விதி. நெல்மணியின் தடிப்பைவிடக் குறைந்த அந்த இடைவெளியை இருட்டில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், அளவுகோல் இன்றிக் கை உணர்வால் மட்டுமே நீங்கள் அறிகிறீர்கள். காலையில் நூற்றுக்கணக்கான மரங்களுக்கு ஒருவர் இதனைச் செய்கிறார். வேறு எத்தொழிலிலும் எளிதில் காணக் கிடைக்காத கைத்திறன் இது என்று தயங்காமல் கூறுவோம்.

வெட்டுக்கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து ஏன் செல்கிறது என்பதும் பலருக்குத் தெரிந்திராது. பால் குழல்கள் நேர் செங்குத்தாக ஓடுவதில்லை. மரத்தின் எதிரே நிற்பவருக்கு அவை கீழிருந்து மேலே செல்லச் செல்ல வலப்புறமாகச் சற்றுச் சாய்ந்து செல்கின்றன. ஆதலால், இடமிருந்து வலமாக இறங்கும் கோடு மிகுதியான குழல்களைக் குறுக்கே அறுக்கிறது. ஒட்டு மரங்களுக்கு இச்சாய்வு ஏறத்தாழ 30 பாகை. விடியலுக்கு முன் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக வெளியேற்றுகின்றன. குழல்களில் அழுத்தம் குறைகிறது. பால் மெதுவாக வடிகிறது. உங்கள் முன்னோர் பிரட்டுக்களத்தில் இருட்டிலேயே கூடி நின்றதற்குக் கங்காணியின் அதட்டல் மட்டும் காரணமன்று. மரத்தின் இயல்பும் காரணமாகும்.

உளி உயிர்ப் படலத்தை அறுத்துவிட்டால் என்ன நேரும்? அவ்விடத்தில் காயம் உண்டாகிறது. புதுப்பட்டை வழவழப்பாக வளராமல் முண்டாக வளர்கிறது. முறையாகச் சீவிய பட்டை மீண்டும் வெட்டுக்குத் தயாராக ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். காயம்பட்ட பட்டையோ அதற்குப் பிறகும் ஒழுங்காகப் பயன்படாது. இன்று ஒரு நொடியில் செய்த தவற்றின் இழப்பை எட்டு ஆண்டுகள் கழித்து வேறொரு தொழிலாளி அடைகிறார். மரத்தில் செய்யும் பிழை உடனே பேசுவதில்லை என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

உளியின் கூர்மையும் தூய்மையும்

பால்வெட்டுத் தொழிலாளியின் கருவிகள் எளியவை. நம் நாட்டில் ஜெபோங் என்று வழங்கும் உளி, அதைத் தீட்டும் கல், பால் வடியும் தகடு, மங்கு, அதனைத் தாங்கும் கம்பி, வாளி, நெற்றி விளக்கு ஆகியவையே அவை. இவற்றுள் உயிர்நாடி உளியே. மழுங்கிய உளி பட்டையைச் சீவாது, கிழிக்கும். கிழிந்த பட்டையில் நீர் தங்கும், பூசணம் பற்றும். மேலும், மழுங்கிய உளியை அழுத்தித் தள்ள வேண்டியிருப்பதால் கை தவறி ஆழமாகப் பாய்வதும் அதனாலேயே. நல்ல தொழிலாளியை அவருடைய உளியைப் பார்த்தே அறியலாம் என்று மூத்தவர்கள் கூறுவது பொருளுள்ள சொல்லாகும்.

கூர்மையோடு தூய்மையும் வேண்டும். மழைக்காலத்தில் வெட்டுக்கோட்டின் மேல் சாம்பல் நிறப் பூசணம் படரும் நோயைப் பலர் கண்டிருப்பீர்கள். அப்பூசண நோய் ஒரு மரத்திலிருந்து மற்றொரு மரத்துக்குச் செல்லும் வழிகளுள் ஒன்று உளியே ஆகும். நோயுற்ற மரத்தை வெட்டிய உளியைக் கிருமிநாசினியில் நனைத்துத் துடைக்காமல் அடுத்த மரத்துக்குக் கொண்டு செல்வது, ஒரே ஊசியைப் பலருக்குப் போடுவதை ஒக்கும். கறுப்புக் கோடுகளாகப் பட்டைக்குள் ஏறும் மற்றொரு நோயும் ஈரமான நாட்களிலேயே மிகுதி. இவ்விரண்டுக்கும் உரிய பூசண மருந்தைப் பூசுவதோடு, பட்டை ஈரமாக இருக்கும்போது வெட்டாமல் இருப்பதும் சிகிச்சையே.

சில வேளைகளில் நோய்க்கிருமி எதுவும் இன்றியே மரம் பால் தர மறுக்கும். வெட்டுக்கோடு வறண்டு பழுப்பாகிவிடும். அளவுக்கு மிஞ்சிய வெட்டு அதற்கு முக்கியக் காரணம் என்பர். அதற்கு முதல் மருந்து ஓய்வே. உழைக்கும் மனிதருக்கு ஓய்வு வேண்டும் என்பதை அறிந்த நாம், உழைக்கும் மரத்துக்கும் அது வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்வது கடினமன்று.

மர மருத்துவரின் ஒரு நாள்

இனி, மர மருத்துவரின் பணிக்கு வருவோம். பணியிடத்துக்கு வந்தவுடன் அவர் ரம்பத்தை எடுப்பதில்லை. முதலில் மரத்தைச் சுற்றி வருகிறார். வேர் அருகே மண் வெடித்துள்ளதா, ஒரு பக்கம் உயர்ந்துள்ளதா என்று பார்க்கிறார். தண்டின் அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தால், உள்ளே உளுத்துப் போயிருக்கக் கூடும் என்று ஐயுறுகிறார். சிறு சுத்தியலால் தண்டைத் தட்டி ஓசையைக் கேட்கிறார். பொந்து விழுந்த இடம் வேறு ஒலி தரும். பிறகு அண்ணாந்து, காய்ந்த கிளைகளையும் பிளந்த கவட்டைகளையும் குளவிக்கூடுகளையும் கணக்கெடுக்கிறார். வெள்ளை வேர் நோயைத் தேடி ரப்பர் மரத்தின் கழுத்தடி மண்ணை விலக்கிப் பார்த்தவர்களுக்கு இச்சோதனை புதிதன்று.

அவருடைய கருவிகளுள் முதன்மையானது கயிறு. அடுத்தது இடுப்பையும் தொடைகளையும் தாங்கும் வார்ப்பட்டை. தலைக்கவசம், கண்மூடி, காதுமூடி, கையுறை ஆகியவை அதன்பின் வருகின்றன. சங்கிலி ரம்பம் பிடிப்போர் அணியும் காற்சட்டை தனி வகை. ரம்பம் தவறிக் காலில் பட்டால், அத்துணியில் உள்ள நீண்ட இழைகள் சங்கிலியில் சிக்கி அதனை நிறுத்திவிடும். கிளை மீது கயிறு போடுவதற்குச் சிறு பளுப் பை கட்டிய நூல், அறுத்த கிளையை மெல்ல இறக்கும் கப்பி, வளைந்த கை ரம்பம், நீண்ட கழியில் பொருத்திய ரம்பம் ஆகியவையும் உண்டு. முதலுதவிப் பெட்டி எப்போதும் உடன் இருக்கும்.

காலில் இரும்பு முள் கட்டி ஏறுவதை நல்ல மர மருத்துவர் உயிருள்ள மரத்தில் செய்வதில்லை. ஒவ்வொரு முள்ளும் உயிர்ப் படலத்தில் ஒரு காயம் என்பதே காரணம். வெட்டி வீழ்த்தப் போகும் மரத்தில் மட்டுமே அதனைப் பயன்படுத்துகிறார். அவர் தனியாக வேலை செய்வதும் இல்லை. மரத்தின் மேல் ஒருவர் என்றால், கீழே கயிற்றைப் பிடித்து, ஆட்களை விலக்கி, மேலே இருப்பவர்மீது கண் வைத்திருப்பவர் ஒருவர் கட்டாயம் இருப்பார்.

கிளையை வெட்டுவதற்கு ஒரு முறை உண்டு. இதனைக் கவனமாகக் கேளுங்கள்; வீட்டு ரம்புத்தானுக்கும் மாமரத்துக்கும் இது பயன்படும். பெரிய கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக அறுத்தால், அது முழுவதும் அறுபடுமுன் தன் எடையால் முறிந்து, தண்டின் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு விழும். ஆகவே மூன்று வெட்டுகள் வேண்டும். முதல் வெட்டு, தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கிளையின் அடிப்புறத்தில், மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை. இரண்டாம் வெட்டு, அதற்குச் சற்று அப்பால் மேற்புறத்திலிருந்து. இப்போது கிளை பட்டையை உரிக்காமல் விழும். மூன்றாம் வெட்டு, எஞ்சிய குச்சியை நீக்குவது.

மூன்றாம் வெட்டை எங்கே வைப்பது என்பதில்தான் மரத்தின் வாழ்வு அடங்கியுள்ளது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்டது போலச் சற்றுத் தடித்த பகுதி ஒன்று இருக்கும். காயத்தை மூடும் ஆற்றல் அப்பகுதியில் உள்ளது. அதனை விட்டு, அதற்கு வெளியே ஒட்டி அறுக்க வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று தண்டோடு வழித்து அறுத்தால் அந்த ஆற்றல் போய்விடும். நீளமாகக் குச்சியை விட்டாலும் அது உளுத்து உள்ளே அழுகலைக் கொண்டு செல்லும். அதிகமும் ஆகாது, குறைவும் ஆகாது. 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டு நிறுத்தும் கைக்கு இது விளங்காமல் போகாது.

மரம் ஆறுவதில்லை, மூடுகிறது

இத்துறையில் பழைய நம்பிக்கைகள் சில மாறியுள்ளன. அமெரிக்காவில் ஜான் டேவி என்பவர் 1901-இல் மர மருத்துவர் என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டு இத்தொழிலுக்கு வழி வகுத்தார். அக்காலம் தொட்டுப் பல ஆண்டுகள், மரப்பொந்துகளைச் சுரண்டிச் சிமெண்டால் நிரப்புவதும், வெட்டிய இடத்தில் தாரோ சாயமோ பூசுவதும் நல்ல சிகிச்சை என்று கருதப்பட்டன. நம் தோட்டங்களிலும் கிளை வெட்டிய இடத்தில் தார் பூசும் வழக்கம் இருந்தது.

அமெரிக்க வனத்துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோ என்னும் ஆராய்ச்சியாளர், ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்து உள்ளே அழுகல் எவ்வாறு பரவுகிறது என்று ஆராய்ந்தார். 1977-இல் அவர் வெளியிட்ட கருத்து எளியது. மனிதத் தோலில் பட்ட காயம் ஆறி, பழைய இடத்தில் புதுச் சதை வளர்கிறது. மரத்தில் அவ்வாறன்று. காயம்பட்ட பகுதி காயம்பட்டதாகவே உள்ளே நிற்கும். மரம் அதனைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்துவிட்டு, வெளியே புதிதாக வளர்கிறது. அச்சுவரை உடைத்துப் பொந்தைச் சுரண்டினால் அழுகலுக்கு நாமே கதவு திறந்துவிட்டவர்களாவோம். தார் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை என்பதும் தெளிவாயிற்று. சரியான இடத்தில், கூரிய, தூய ரம்பத்தால் அறுத்துவிட்டு, மரத்தின் வேலையை மரத்திடமே விட்டுவிடுவதே இன்று பரிந்துரைக்கப்படும் முறை.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். ரப்பர் மரத்தின் வெட்டுப்பட்டையில் பூசண நோய்க்கு மருந்து பூசுவது வேறு. கிளை வெட்டிய காயத்துக்குத் தார் பூசுவது வேறு. முன்னதை நிறுத்திவிட வேண்டும் என்று நாம் கூறியதாக எவரும் கொள்ளலாகாது.

காற்று வரும் நேரம்

இவ்வளவையும் விரித்துக் கூறியதற்குக் காரணம் நம் குடியிருப்புகளில் நிற்கும் மரங்களே. சித்தியவான் மலாக்கா நீரிணைக்கு அண்மையில் உள்ள ஊர். சுமாத்ரா காற்று என்று நாம் அழைக்கும் சூறைக்காற்று, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், பெரும்பாலும் விடியலுக்கு முன்னரும் காலையிலும் இக்கரையைத் தாக்குகிறது. பால்வெட்டுக்காரர் மரங்களுக்கிடையே நிற்கும் நேரமும், பிள்ளைகள் லயத்தில் உறங்கும் நேரமும் அதுவே. மேற்கு வானம் கறுத்து, திடீரெனக் குளிர்காற்று வீசினால் உளியை உறையிலிட்டுவிட்டு நிரையை விட்டு வெளியேறுங்கள். அன்றைய பால் நாளைக்கும் கிடைக்கும்.

காற்றுக்கு அஞ்சி மக்கள் பெரும்பாலும் செய்வது மரத்தை மொட்டையடிப்பது. நாம் ஒரு குடியிருப்பில் கண்டதை இங்கே கூறுவோம். லயத்தின் பக்கத்தில் நின்ற பெரிய மழைமரம் ஒன்றை, அது வீட்டின் மேல் விழும் என்று அஞ்சி, எல்லாக் கிளைகளையும் நடுவில் அறுத்து மொட்டையாக்கியிருந்தனர். ஓராண்டுக்குள் வெட்டிய முனைகளில் கொத்துக் கொத்தாகத் துளிர்கள் எழுந்தன. மரம் பிழைத்துக்கொண்டது என்று அனைவரும் மகிழ்ந்தனர். சில ஆண்டுகளில் அத்துளிர்கள் தடித்த கிளைகளாயின. ஆனால், அவை பழைய கிளைகளைப் போல மரத்தின் உள்ளிருந்து வளர்ந்தவை அல்ல. உளுக்கத் தொடங்கிய முனையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றவை. ஒரு விடியற்காலைக் காற்றில் அவற்றுள் ஒன்று பிளந்து சமையற்கட்டின் கூரை மேல் விழுந்தது. அடுப்பருகே இருக்க வேண்டிய தாய் அன்று வாசலில் நின்றிருந்ததால் உயிர் தப்பினார். அச்சத்தால் செய்த வேலையே ஆபத்தை வளர்த்தது. காய்ந்த கிளைகளையும் கூரையை நோக்கிய ஓரிரு கிளைகளையும் மட்டும் முறைப்படி நீக்கியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

மழைமரம் முறையாகக் காக்கப்பட்டால் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்குத் தைப்பிங் ஏரிப்பூங்காவே சான்று. ஈயச் சுரங்கம் கிடந்த நிலத்தில் 1880-இல் தொடங்கப்பட்ட அப்பூங்காவின் ஓரத்தில், நூறாண்டு கடந்த மழைமரங்கள் சாலையைத் தாண்டி நீர்வரை கைநீட்டி நிற்கின்றன.

மொட்டையடிப்பது ஒன்று மட்டும் குற்றமன்று. குப்பையையும் சருகையும் மரத்தடியில் குவித்துக் கொளுத்துகிறோம். அடிப்பட்டை வெந்து உயிர்ப் படலம் அழிகிறது. கொடிக்கம்பியை மரத்தைச் சுற்றிக் கட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். மரம் பருக்கப் பருக்க அக்கம்பி அதன் கழுத்தை நெரிக்கிறது. கோயில் அரசமரத்தின் பொந்துக்குள்ளேயே விளக்கேற்றுகிறோம். பக்தி போற்றத்தக்கதே, ஆனால் விளக்கைச் சற்றுத் தள்ளி மாடத்தில் வைத்தால் அம்மனும் கோபிக்க மாட்டாள், மரமும் கருகாது. மேடை கட்டுகிறோம் என்று மரத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசுவதும் தீங்கே. மரத்துக்கு உணவும் நீரும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல் மண்ணிலேயே பரவியுள்ளன.

உயிர் முதலில்

இப்போது ஒரு கண்டிப்பான சொல். இந்த உரையைக் கேட்டுவிட்டு எவரும் ரம்பத்தை எடுத்துக்கொண்டு உயர்ந்த மரத்தில் ஏறிவிட வேண்டாம். தரையில் நின்று கை ரம்பத்தால் எட்டும் கிளையை நீங்கள் வெட்டலாம். அதற்கு மேற்பட்டது பயிற்சி பெற்றவரின் வேலை. ஏணியின் மேல் நின்று சங்கிலி ரம்பம் பிடிப்பது தற்கொலைக்குச் சமம். மின்கம்பிக்கு அருகில் உள்ள கிளையைத் தொடவே கூடாது. தெனாகா நேஷனலுக்குத் தெரிவிக்க வேண்டும். பச்சை மரத்தின் வழியும் மின்சாரம் பாயும். புயலில் சாய்ந்து, மற்றொரு மரத்தின் மீது தொங்கி நிற்கும் மரத்தின் அடியில் விறகு பொறுக்கச் செல்வதும் பேராபத்து.

சட்டத்தையும் அறிந்திருப்பது நல்லது. 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை வெட்டி வீழ்த்த உள்ளூர்த் திட்ட அதிகாரிகளின் எழுத்துமூல அனுமதி தேவை என்று கூறுகிறது. உடனடி ஆபத்து விளைவிக்கும் மரம் போன்றவற்றுக்கு விலக்குகள் உண்டு. ஆகவே, கோயில், பள்ளி, குடியிருப்புப் பகுதிகளில் பெரிய மரத்தை வீழ்த்துமுன் தோட்ட நிருவாகத்திடமும், மஞ்சோங் நகராண்மைக் கழகத்திடமும் கேட்டறிந்து செயற்படுங்கள். ஐயத்துக்குரிய மரத்தை எழுத்துமூலம் தெரிவித்து, அதன் படியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் காற்றோடு போய்விடும், கடிதம் நிற்கும்.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு சொல். உங்கள் தாய்தந்தையர் உளி பிடித்த தொழிலை நீங்கள் தொடர விரும்பாதிருக்கலாம்; தொடரத் தோட்டமே இல்லாமலும் போயிருக்கலாம். ஆனால் நகரங்கள் வளர்கின்றன. பூங்காக்களும் நெடுஞ்சாலைகளும் வளர்கின்றன. அங்கு நிற்கும் மரங்களைக் காக்கக் கயிற்றில் ஏறத் தெரிந்தவரும், மரத்தின் உடலை அறிந்தவரும் வேண்டும். கயிறு ஏறுவதைப் பயிற்சியில் கற்கலாம். எங்கே வெட்டை நிறுத்த வேண்டும் என்ற அறிவை உங்கள் இல்லத்திலேயே கேட்கலாம். இன்று மாலை உங்கள் அம்மாவிடமோ பாட்டியிடமோ, "பட்டையில் காயம் படாமல் எப்படி அம்மா வெட்டினாய்?" என்று ஒருமுறை கேளுங்கள். அவர் சொற்களால் விளக்க முடியாமல் கையை அசைத்துக் காட்டுவார். அந்தக் கையசைவை உற்றுப் பாருங்கள்.

பெரியோர்களே, உங்களை வெறும் பால்வெட்டுக்காரர் என்று எவரேனும் கூறினால், தலைகுனிய வேண்டியதில்லை. ஒரு மரத்தை முப்பது ஆண்டுகள் வரை வெட்டியும் அதனைச் சாகவிடாமல் காத்த கைகள் உங்களுடையவை. அந்தத் திறமையைக் குடியிருப்பின் நிழல்மரத்துக்கும் கோயில் மரத்துக்கும் பள்ளி மரத்துக்கும் பயன்படச் செய்யுங்கள். இந்த வாரமே உங்கள் லயத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து, அங்குள்ள மரங்களை அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளை எது, பிளந்த கவட்டை எது, கழுத்தை நெரிக்கும் கம்பி எது என்று குறித்துக்கொள்ளுங்கள். கம்பியை நீங்களே அறுத்துவிடலாம். மற்றவற்றை உரியவர்க்குத் தெரிவியுங்கள்.